கொடி ஆட்டிய பிறகு

“தகுதிச் சுற்றுல முதலா வந்த சிவப்புக் கார்தான் ஜெயிக்கும்” என்றாள் மனைவி.

“ஒன்பதாவதா கிளம்புற நீலக் கார்தான். தோத்தவங்க ஒரு வாரம் பாத்திரம் தேய்க்கணும்” என்றான் கணவன்.

மத்தியானம் நடக்கும் கார் பந்தயத்தின் பதிவை, முடிவு தெரிந்துகொள்ளாமல் மாலையில் சேர்ந்து பார்ப்பது அவர்கள் வழக்கம். பந்தயம் கட்டிய கையோடு அன்றைய பதிவை ஓடவிட்டார்கள்.

கடைசிச் சுற்றில் நீலம் சிவப்பை முந்தியது. அவன் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தான்.

“பாத்தியா, கணிப்புன்னா இது! போ, சிங்க் காத்துக்கிட்டிருக்கு.”

மனைவி அசையவில்லை.

“மத்தியானம் முடி வெட்டப் போனீங்களே, ஒரு முடிகூடக் குறையலை? சலூன் டிவியில லைவா பாத்தீங்களாக்கும்?”

அவன் கை தானாகத் தலைக்குப் போனது. “கடையில... ஒரே கூட்டம்...”

“பந்தயம் முடிஞ்சு கொடி ஆட்டினதும் எழுந்து வந்துட்டீங்க. அப்புறம் காரை எடை போட்டாங்க. விதியில சொன்னதைவிட எடை குறைச்சல்னு நீலத்தைப் போட்டியிலிருந்தே தூக்கிட்டாங்க. இப்ப சிவப்புதான் முதலிடம்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நீங்க அந்தப் பக்கம் போனதும் நானும் இங்க டிவியைப் போட்டுட்டேன். ஆனா, நான் எதையும் முழுசாப் பாக்கிற ஆளு. சோப்பு சிங்க்குக்குக் கீழ இருக்கு.”