அடிப்பக்கத்துச் சுழி

மனைவியின் ஜாடியை நிபுணர் தலைகீழாகக் கவிழ்த்தார்.

வெள்ளைக் கையுறை. கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. பிரசவம் பார்ப்பவரின் முகம்.

அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஒரு நூலகக் கூடம். பழைய மண்பாண்டங்களைக் கொண்டுவந்து காட்டினால், யார் செய்தது என்று சொல்லிவிடுவார்களாம்.

ஜாடியைக் கொண்டுவந்த கணவருக்கு வேண்டியது அது மட்டும்தான். மனைவி போய்ச் சேர்ந்து மூன்று மாதம். அலமாரியின் அடியில், பழைய பட்டுப்புடவைக்குள் சுற்றியிருந்தது இந்த ஜாடி. சிவப்பும் நீலமும் பாலாடை நிறமுமாக மண் சுழன்று சுழன்று ஏறியிருந்தது.

யார் கொடுத்தது? எதற்கு ஒளித்தாள்?

நிபுணர் உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். உள்ளே வழவழப்பு, வெளியே சொரசொரப்பு. கண்ணை மூடி, பின்வரிசைக்கும் கேட்கும்படி யோசித்தார்.

"அசல் சுழல்மண் வேலை. நூறு வருஷம் இருக்கும். பட்டறை முத்திரை இல்லை, கீறிய எண் மட்டும்தான். இரண்டு. வாலை எப்படி இழுத்திருக்கிறான் பாருங்கள், கைதேர்ந்த ஆள். ஆமாம், முதலாவது எங்கே?"

கணவர் குனிந்து பார்த்தார்.

உ.

இரண்டு இல்லை. ஒன்றுக்கும் முன்னால் போடுவது.

பால், தயிர், கொத்தமல்லி என்று கடைக்குச் சீட்டு எழுதினாலும் அதைப் போடாமல் அவள் பேனா நகராது.

பிள்ளையார் சுழி.

வராந்தாவுக்கு வந்து மகளுக்குப் போன் செய்தார்.

"அம்மா மண்பாண்டம் ஏதாவது செஞ்சாளா?"

"ஆறு வருஷமா கிளாஸுக்குப் போனாங்களேப்பா. செவ்வாய்க்கிழமையானா எங்க போறாங்கன்னு நெனச்சீங்க?"

"கடைக்குன்னு..."

"வாராவாரம் மூணு மணி நேரமா?"

மகளே தொடர்ந்தாள்.

"அப்பாகிட்டச் சொல்லிடாத, கேலி பண்ணியே கொன்னுடுவாருன்னாங்க."

திரும்பி வந்தபோது நிபுணர் ஜாடிக்கான விவர அட்டையை எழுதி முடித்திருந்தார். கொட்டை எழுத்து.

காலம்: சுமார் 1920.

அதை அடித்துவிடத்தான் கணவர் பேனாவைத் திறந்தார். அடுத்த வரி கண்ணில் பட்டது.

செய்தவர்: அறியப்படாதவர்.

பேனாவை மூடினார்.

மத்தியானம் முழுக்க அந்த மனுஷர் சொன்னதில் அது ஒன்றுதான் சரி.