நாலு எண்ணும்போது நிமிரவும்

இதனால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில், தோட்டத்து ஆஸ்பத்திரி ஊழியர்களின் முதுகெலும்பைப் பாதுகாக்கும் மகத்தான தேகப்பயிற்சித் திட்டம், 1979 மார்ச் ஐந்தாம் திகதி காலை ஒன்பது மணிக்கு, கொழும்பு அதிகாரி முன்னிலையில் தொடங்கி வைக்கப்படுகிறது.

வாசித்தவர் டாக்டரய்யா அமிர்தநாதன். மருந்து கலக்கப் படித்தவர். டாக்டர் பட்டத்தைத் தோட்டத்து ஜனங்களே கொடுத்துவிட்டார்கள், அவரும் மறுக்கவில்லை.

'ஊழியர்கள்' என்று பன்மையில் சொன்னதில் பொய் இல்லை. ஜோசப்பின் ஒன்று, வீரம்மா இரண்டு.

வரிசை நீளமாகத் தெரியட்டும் என்று காவல்காரக் கந்தப்பனையும் இழுத்து நிறுத்தியிருந்தார்கள்.

லொறியில் வந்து இறங்கும் நோயாளியைச் சாக்கில் கிடத்தி, வாசலிலிருந்து வார்டுவரை தூக்கிப்போவது இந்த இரண்டு பெண்களின் வேலை. சக்கரம் வைத்த கட்டில் ஒன்று கேட்டு இரண்டு வருஷமாகிறது. கேட்கும்போதெல்லாம் "கொழும்புல இருந்து வருது" என்பார் டாக்டரய்யா.

கட்டில் வரவில்லை. திட்டம் வந்தது.

திட்டத்தில் ஒரேயொரு நிபந்தனை. குனிந்தவர் நாலு எண்ணும்போது நிமிர வேண்டும். நிமிராதவர் தூக்கும் வேலைக்கு லாயக்கில்லை, பேர் வெட்டப்படும்.

பேர் வெட்டினால், குடியிருக்கத் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். ஜோசப்பினின் காம்பராவில், மரம் விழுந்து கால் விளங்காமல் போன மத்தியாஸ் படுத்திருந்தான். தினமும் விடிந்ததும் புருஷனையும் அவள்தான் தூக்கி உட்கார வைப்பாள். அந்த முதுகுவலி திட்டத்தில் சேராது.

"அக்கா, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நிக்கிற மாதிரி வெறப்பா நில்லு. நாலுன்னதும் சட்டுனு நிமிந்துரு" என்றாள் வீரம்மா.

"குனியிறதுக்கு என்னாடி, பொறந்ததுல இருந்து அதத்தானே செய்யிறோம். நிமிர்றதுக்குத்தான் யாரும் சொல்லிக் குடுக்கல."

எதிரே நீளமான மேசை. தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கும் வெள்ளை விரிப்பு. மேலே கேக்கு, வடை, வாழைப்பழம், தேத்தண்ணீர். பின்னால் அதிகாரி. அவருடைய முதுகு மெத்தை நாற்காலியில் ஏற்கெனவே பாதுகாப்பாக இருந்தது.

"ஒண்ணு!"

மூவரும் குனிந்தார்கள்.

"ரெண்டு! மூணு!"

அதிகாரி வடையைக் கடித்தார்.

"நாலு!"

வீரம்மா நிமிர்ந்தாள். கந்தப்பனும் நிமிர்ந்துவிட்டான்.

ஜோசப்பினின் இடுப்புக்குள் ஏதோ பூட்டிக்கொண்டது. மாதாவே என்றாள். மாதாவிடமும் சாவி இல்லை.

அதிகாரி கைதட்டி, இங்கிலீசில் வியந்து ஏதோ சொன்னார்.

"ஐயா ஒன் பணிவ மெச்சுறாரு" என்று மொழிபெயர்த்த டாக்டரய்யா, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நிமிருடி. மானம் போகுது."

அவள் முட்டியில் கையூன்றித் தம் பிடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. மத்தியாஸின் முகம் வந்து போனது. இடுப்பு அசையவில்லை.

குளிர்காற்று ஒன்று மேட்டிலிருந்து இறங்கி வந்து மேசைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கியது.

நிமிர்ந்து நின்ற எவருக்கும் தெரியாதது குனிந்து நின்றவளுக்குத் தெரிந்தது. விரிப்புக்குக் கீழே நாலு சக்கரங்கள். புத்தம்புது ரப்பர். ஒன்றில் ஒட்டியிருந்த கடுதாசியைக்கூட இன்னும் உரிக்கவில்லை.

"வீரம்மா..." என்றாள். "கட்டில் வந்துருச்சுடி."

வலியில் பிதற்றுகிறாள் என்றார் டாக்டரய்யா. அதிகாரிக்கு அவர் அதை மொழிபெயர்க்கவில்லை. பையிலிருந்த பேனாவை எடுத்து, பதிவேட்டில் இருந்த இரண்டு பேரில் ஒரு பேரை வெட்டினார். நிபந்தனை நிபந்தனைதான்.

அப்போது மழை தூற ஆரம்பித்தது.

பலகாரம் நனையாமல் மேசையை உள்ளே உருட்டிக்கொண்டு போனார்கள்.

ஜோசப்பினைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள்.