பொட்டலத்தின் பின்பக்கம்

"நாய்க்கு உன்னைப் பிடிக்குமா, நீ போடுற சோத்தைப் பிடிக்குமாடி?" என்று எப்போதோ அக்கா சிரித்துக்கொண்டே கேட்டது, சமையலறை வாசலில் நிற்கும் சின்னவளின் காதில் மறுபடியும் விழுகிறது. ஜன்னல் வெயில் தரையில் நீளக் கிடக்கிறது. அந்த வெயிலில் அவர்களுடைய நாய் பொடியன் வயிறு எக்கி எக்கி, அக்கா கடையில் வாங்கி வந்த நாய்த்தீனியின் பழுப்பு உருண்டைகளைக் கக்குகிறான். நேற்று அதைத் தட்டு நிறையத் தின்றுவிட்டு அக்காவின் காலையே சுற்றிச் சுற்றி வந்தவன். சின்னவள் பிசைந்து வைத்த சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காதவன். நேற்றெல்லாம் எரிந்த வயிறு அவளுக்கு இப்போது குளிர்கிறது. "நல்லா வேணும்டா உனக்கு" என்று முணுமுணுத்தபடி சோற்றுக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளுகிறாள். அக்கா தீனி வந்த பளபளக்கும் பொட்டலத்தைத் திருப்பிப் படிக்கிறாள். "பழைய சாப்பாட்டோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து பழக்கணும்னு போட்டிருக்கே! நேத்து உக்காந்து இதைத்தானே எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டிருந்தே, ஏன்டி சொல்லலை?" சின்னவள் கிண்ணத்தின் விளிம்பை விரலால் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். பொடியன் சோற்றைத் தாண்டித் தள்ளாடிப் போய், அக்காவின் பாதத்தில் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்கிறான். அக்கா அவனைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டப் படியிறங்கிப் போகிறாள்.