கம்பத்து உச்சியில் மாப்பிள்ளை

"கண்ணு கடல் மேல இருக்கணும்டா, என் வீட்டு பால்கனி மேல இல்ல" என்று படகின் முனையிலிருந்து கத்தினார் சவேரியோ. கையில் ஈட்டி தயாராக இருந்தது.

படகின் நடுவே, எண்பது அடிக் கம்பத்தின் உச்சிக் கூண்டில் நின்றிருந்த லெட்டேரியோவுக்கு முகம் சிவந்தது. நீரிணைக்கு அந்தப் பக்கம், மெசினாக்காரன் அவன். போன வாரம் இந்தப் பக்கம் ஷில்லாவுக்கு வந்து, சவேரியோவின் மகள் நுன்சியாவைப் பெண் கேட்டான். அவரோ அவன் சம்பளத்தையும் விசாரிக்கவில்லை, வீடு வாசலையும் விசாரிக்கவில்லை.

"ஒரு நாள் என் படகுக் கூண்டுல ஏறு. மதியத்துக்குள்ள ஒரு வாள்மீனைக் காட்டு. பார்வை இல்லாதவனுக்குப் பொண்ணு கிடையாது" என்றார்.

முப்பது வருடம் அதே கூண்டில் நின்றவர். முழங்கால் மக்கர் செய்த பிறகுதான் கீழே இறங்கி ஈட்டியைக் கையில் எடுத்தார். அவர் கண்ணுக்குத் தப்பிய மீன் இல்லை என்று ஊரே சொல்லும். ஊர் மறந்தால் அவரே சொல்வார்.

மணி பதினொன்றரை. வெயிலில் கடல் தகடு போல மின்னியது. எது மீனின் நிழல், எது அலையின் நிழல் என்று லெட்டேரியோவுக்குப் புரியவே இல்லை.

அவன் பால்கனியைப் பார்த்தது காதலால் மட்டுமல்ல. செங்குத்துப் பாறை மேல் இருந்த அந்த வீட்டிலிருந்து பார்த்தால் கண் கூசாது. தண்ணீருக்குள் மீன் நீந்துவது தெரியும். நேற்றே நுன்சியா திட்டம் சொல்லியிருந்தாள். துணிக்கொடியின் இடது ஓரத்தில் வெள்ளை விரிப்பு தொங்கினால் மீன் கலங்கரை விளக்கத்துப் பக்கம். வலது ஓரம் என்றால் துறைமுகத்துப் பக்கம். நடுவில் சிவப்புத் துண்டு வந்துவிட்டால், மீன் படகை ஒட்டியே இருக்கிறது.

இதுவரை கொடி காலியாகத்தான் கிடந்தது.

பத்து நிமிடம் கழித்து, இடது ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படபடத்தது. லெட்டேரியோ கூண்டிலேயே இருந்த சுக்கானைத் திருப்பினான். கொஞ்ச தூரம் போனதும் நடுவில் சிவப்பு. குனிந்து பார்த்தான். நீலமாக, நீளமாக, ஒரு நிழல்.

"முன்னால! இடப்பக்கம்!"

சவேரியோவின் ஈட்டி பாய்ந்தது.

நாலு பேர் சேர்ந்து இழுத்துத்தான் மீனைப் படகில் ஏற்ற முடிந்தது. வழக்கப்படி அதன் கன்னத்தில் விரல் நகங்களால் சிலுவைக் கீறல் போட வேண்டும். சவேரியோ அவனைக் கீழே வரச் சொன்னார்.

"நீயே போடு மாப்பிள்ளை."

அந்த வார்த்தையைக் கேட்டதும் லெட்டேரியோ மீனருகே குனிந்தான். கீறலைப் போட்டான். ஆனால் மனசு கேட்கவில்லை. மற்றவர்கள் தள்ளிப் போனதும் மெதுவாகச் சொன்னான்.

"மாமா, உங்களை ஏமாத்த விரும்பல. மீனைப் பார்த்தது நான் இல்ல. நுன்சியாதான். துணி காயப்போட்டு எனக்கு வழி சொன்னா."

சவேரியோ அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவ எப்படிடா சொல்லுவா? உன் கவனம் சிதறும்னு விடியும்போதே அவளைப் பால்மியில இருக்கிற அவ அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டேனே."

லெட்டேரியோ திடுக்கிட்டு பால்கனியைத் திரும்பிப் பார்த்தான். அங்கே குண்டாக ஓர் உருவம் சாவகாசமாக விரிப்பை மடித்துக்கொண்டிருந்தது.

"அது அவ அம்மா" என்றார் சவேரியோ, குரலைத் தாழ்த்தி. "ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதே மாப்பிள்ளை. முப்பது வருஷம் எனக்கும் அவதான் துணி காயப்போட்டா."