வரப்பேறாத பாட்டு

"அந்தத் திருடி வந்துட்டாளா?" என்று கேட்டபடியே ஞானமணி கிதாரின் கம்பியை முறுக்கினார்.

"கீழதான் நிக்குது. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, வாத்தியாரே" என்றார் கண்ணப்பன் செட்டியார். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் அவருடைய ஜவுளிக்கடை மாடியில்தான் பஞ்சாயத்து.

ஞானமணியின் மெட்டு ஒன்றைச் செட்டியார் தம் செலவில் இசைத்தட்டாகப் போடுகிறார். முப்பது வருஷமாகக் கல்யாண வீடுகளிலும் நாடகக் கொட்டகைகளிலும் கிதார் வாசித்தவருக்கு ஒரு நோட்டீஸில்கூடப் பெயர் வந்ததில்லை. இந்தத் தட்டில் 'இசையமைப்பு: ஞானமணி' என்று அச்சாகப் போகிறது. மூன்று நாளாக மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் சந்தோஷத்தில்தான்.

அந்தச் சமயம் பார்த்து, பொன்னமராவதிப் பக்கம் செவந்தி என்று ஒருத்தி இதே மெட்டைப் பாடுகிறாள் என யாரோ வந்து சொல்லிவிட்டார்கள். "விட்டுத் தள்ளுங்க" என்றுதான் செட்டியார் சொன்னார். ஞானமணி கேட்டால்தானே? அவளை வரவழைத்து, தன்னிடமிருந்து எடுத்ததாக அவள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"அவ பாட்டுன்னு ஆயிட்டா, தட்டுல ஒங்க பேரைப் போட முடியாது. பாத்துக்கங்க" என்றார் செட்டியார்.

"ஆகட்டும், பாப்போம்."

செவந்தி படியேறி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கூப்பிட்ட ஆள் அவசரப்படுத்தியதில் வயலிலிருந்து அப்படியே வந்திருந்தாள். சேறு காய்ந்த காலோடு உள்ளே வரக் கூச்சப்பட்டு, நிலைப்படி ஓரமாகவே உட்கார்ந்துகொண்டாள்.

"ஏம்மா, இந்தப் பாட்டை எங்க பிடிச்ச? திருவிழாவுல நான் வாசிச்சதைக் கேட்டியா?"

"எங்க ஆத்தா பாடுனதுங்க. நடவுப் பாட்டு."

"எல்லாரும் ஆத்தா தலையிலதான் போடுவாங்க." ஞானமணி செட்டியார் பக்கம் திரும்பினார். "நாப்பத்தொம்பதுல பொன்னமராவதிக் கல்யாணத்துல வாசிச்சிட்டு வந்துக்கிட்டிருந்தேன். வழியில பஸ்ஸு டயர் பஞ்சர். ஜன்னலோரம் சும்மா உக்காந்திருந்தேன். வயக்காட்டுக் காத்துல அப்படியே வந்துச்சு மெட்டு. புதுக்கோட்டை வர்றதுக்குள்ள கிதார்ல ஏத்திட்டேன்."

பன்னிரண்டு வருஷமாக இதைச் சொல்லிவருகிறார். வருஷத்துக்கு வருஷம் கதையில் காற்று மட்டும் கூடிக்கொண்டே வந்தது.

கிதாரை மடியில் சாய்த்து வாசித்தார். நல்ல மெட்டு, அதில் பொய்யில்லை. படிப்படியாக ஏறிப்போய் உச்சியில் சட்டென்று நின்றது. எப்போதும் அங்கேதான் நிற்கும். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு வித்வான், முடிக்காமல் விடத் தெரிந்தவன்தான் கலைஞன் என்று சொல்லி அதற்காகவே சால்வை போர்த்தியிருக்கிறார்.

அவர் நிறுத்திய பிறகும் செவந்தியின் கை, நாற்று ஊன்றுவது மாதிரி தரையில் போய்க்கொண்டிருந்தது.

"மிச்சத்தை வாசிக்கலைங்களா, அய்யா?"

"மிச்சமா? பாட்டே அவ்வளவுதாம்மா. முடிச்சிட்டா வெறும் பாட்டு, முடிக்காம விட்டாத்தான் ஏக்கம்." ஞானமணிக்குச் சிரிப்பு வந்தது. "பாத்தீங்களா செட்டியாரே, திருடுனதைக்கூடச் சரியாத் தெரிஞ்சுக்கலை."

செவந்தி சண்டைக்கு வரவில்லை. கண்ணை மூடி, அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். உச்சியில் நின்ற மெட்டு மெல்ல மெல்ல இறங்கி, கிளம்பிய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. செட்டியாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பன்னிரண்டு வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு ஞானமணி தேடிய முடிவு அது. ஒரு நாளும் அவர் கைக்கு அகப்பட்டதில்லை.

"இதை மட்டும் நான் கேக்கவே இல்லையே" என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

செட்டியார் அவரையே பார்த்தார். ஞானமணி கிதாரைப் பார்த்தார்.

"முத பாதி நடும்போது பாடுறதுங்க. மிச்சத்தை, வயலு நட்டு முடிஞ்சு வரப்புல ஏறையிலதான் பாடுவோம்." செவந்தி எட்டிக் கிதாரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "அட, அன்னைக்கு இந்தப் பொட்டியை மடியில வச்சுக்கிட்டு ஜன்னலோரம் உக்காந்திருந்தது நீங்கதானுங்களா?"

ஞானமணி கிதாரை மடியிலிருந்து இறக்கி வைத்தார். அவருக்காக அவள்தான் வருத்தப்பட்டாள்.

"நாங்க வரப்பேறுறதுக்குள்ள ஒங்க பஸ்ஸு போயிருச்சுங்களே."