புதன்கிழமை மாத்திரை

“ரேடியேஷன் குடுக்கும்போது உண்டாகுற வீரியமான ஆக்சிஜன்தான் கேன்சர் செல்லைக் கொல்லுது, அங்கிள். நீங்க போடுற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை அதைத் தடுத்துடலாம். முதல் நாளே வேணாம்னு சொன்னேனே?” என்றார் டாக்டர்.

“மறந்துட்டேன், டாக்டர்,” என்றார் செபாஸ்டியன்.

குனோங் ராபாட்டில் இருக்கும் வீடு வரும்வரை காரில் மனைவி டோரிஸ் பொரிந்து தள்ளினாள். “எந்தக் கடையில வாங்குறீங்க லா? புதன்கிழமையானா சர்ச்ல நோவேனா ஜெபத்துல உங்களுக்காகவும் ஓடிப்போன மகளுக்காகவும் முட்டி போட்டு அழுவுறேன். நீங்க வீட்டுல உட்கார்ந்து இந்தக் கண்றாவிய முழுங்குறீங்க!”

அவர் கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றும் புதன்தான். கோபத்தில் டோரிஸ் சர்ச்சுக்குப் போகவில்லை.

ஆறு மணிக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கதவைத் திறந்தாள். ஆறு வருடமாக அவளுக்கு முகம் காட்டாத மகள் வெண்டி, கையில் மாத்திரை டப்பாவோடு நின்றாள். அம்மாவைக் கண்டதும் பின்வாங்கினாள்.

“எப்பவும்போல அப்பாவுக்கு மருந்து மட்டும் குடுத்துட்டுப் போயிடுறேன்மா. என் கையால ஊட்டுனாத்தான் முழுங்குவாரு.”

டோரிஸ் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் வேண்டாமென்றதை அவளிடம் சொல்லிவிடாதே என்பதுபோல் அவர் தலையசைத்தார்.

“உள்ள வாம்மா,” என்றாள் டோரிஸ். “நான் தண்ணி கொண்டு வாரேன்.”