மூன்று மாத வாடகை

வீட்டுச் சொந்தக்காரி குல்யாஷ் அம்மா தலைத்துணியின் நுனியால் கண்களை ஒற்றிக்கொண்டாள். "பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டேன். இப்படிப் பாதியில விட்டுட்டுப் போறேங்கறாரே" என்று தவ்லெத்திடம் முறையிட்டாள்.

தவ்லெத் அதை ஆங்கிலத்தில் சொன்னான். யெஸ்பரின் அலுவலகத்தில் அவனுக்குக் கணக்குப் பிரிவு. இன்று யெஸ்பருக்கு மொழிபெயர்க்க வந்திருந்தான். யெஸ்பர் உருக்கமாகத் தலையசைத்தான். உள்ளுக்குள் ஒரே குஷி. எதிராளி அழ ஆரம்பித்துவிட்டால் பேரம் பாதி முடிந்தது என்பது அவன் கட்சி.

யெஸ்பர் டென்மார்க்காரன். சுரங்கக் கம்பெனி ஒன்றின் வக்கீலாக கஜகஸ்தானின் அல்மாட்டி நகரத்துக்கு வந்தவன். புதிதாக வந்திறங்கும் வெளிநாட்டுக்காரர்களை உட்காரவைத்து, இந்த ஊரில் வீடு பிடிப்பது எப்படி என்று வகுப்பே எடுப்பான். இங்கே வீட்டுக்காரர்கள் நினைத்த நேரத்தில் பெட்டியைத் தூக்கச் சொல்லிவிடுவார்கள், கையெழுத்துப் போடும்போதே அவர்கள் கையைக் கட்டிப்போட வேண்டும் என்பான்.

அப்படித்தான் குல்யாஷ் அம்மா நீட்டிய ஒற்றைத்தாள் ஒப்பந்தத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, தானே ஒன்று எழுதினான். இரண்டு வருடக் கெடு. அதற்கு முன்னால் யார் முறித்தாலும் அவர் மற்றவருக்கு மூன்று மாத வாடகையைத் தர வேண்டும். "மனுஷங்களுக்குள்ள இதெல்லாம் எதுக்கு தம்பி?" என்று கேட்டுக்கொண்டே அவள் கையெழுத்துப் போட்டாள். அந்தக் காட்சியை யெஸ்பர் தன் வகுப்பில் நடித்துக்காட்டிச் சிரிக்கவைப்பதுண்டு.

முதல் வருடம் சுகமாகத்தான் போனது. ஜன்னலைத் திறந்தால் பனிமலை, தெருமுனையில் நல்ல ரொட்டிக்கடை. வசந்தம் பிறந்ததும் சனி பிடித்தது.

மேல்வீட்டில் குல்யாஷ் அம்மாவின் தம்பி சுவரில் துளைபோட ஆரம்பித்தான். விடியற்காலையில் தொடங்கும் இரைச்சல் யெஸ்பரின் மண்டைக்குள்ளேயே துளைபோட்டது. அவளிடம் சொன்னபோது துடித்துப்போனாள். தம்பியைக் கண்டிக்கிறேன் என்றாள். மறுநாள் இரைச்சல் இன்னும் சீக்கிரம் தொடங்கியது.

அடுத்து வெந்நீர் நின்றது. குழாய் ரிப்பேருக்கு வந்தவன் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, சாமான் வாங்கப் போனவன் போனவன்தான். குளிருக்கு நடுங்கிக்கொண்டு பச்சைத் தண்ணீரில் குளித்தான் யெஸ்பர்.

இந்தக் கஷ்டத்துக்கெல்லாம் ஈடுகட்டுவதுபோல் குல்யாஷ் அம்மா தினமும் சாப்பாடு கொண்டுவந்தாள். குதிரைக்கறியும் பொரித்த மாவுருண்டையும் வந்தன. கூடவே அவளுடைய இரண்டு தங்கைகளும் அவர்கள் பிள்ளைகளும் வந்தார்கள். கொண்டுவந்ததைத் தாங்களே சாப்பிட்டு, அவன் டிவியில் தொடர் பார்த்து, இருட்டிய பிறகுதான் கிளம்பினார்கள். சோறு கொண்டுவருகிறவர்களை வெளியே போ என்று எந்தச் சட்டத்தைக் காட்டிச் சொல்வது?

பொறுக்க முடியாமல் வேறு வீடு பார்த்துவிட்டான். குறுக்கே நின்றது அவனே எழுதிய அந்த வாசகம்தான்.

முதலில் இரைச்சலையும் வெந்நீரையும் காட்டி, ஒரு பைசா தராமல் கழன்றுகொள்ளப் பார்த்தான். அவள் மறுபடியும் அழுதாள். தங்கைகளோடு வந்து விருந்து வைத்ததும் குற்றமா என்று கேட்டாள். அடுத்து ஒரு மாத வாடகை தருவதாகச் சொன்னான். அவள் தேநீர் ஊற்றினாள். தவ்லெத்துக்கு அரைக் கோப்பை, யெஸ்பருக்குத் தளும்பத் தளும்ப.

அந்த உபசாரத்தில் யெஸ்பர் நெகிழ்ந்துபோனான். இந்த ஊரில் வேறெந்த வீட்டிலும் அவனுக்கு அரைக் கோப்பைக்கு மேல் ஊற்றியதில்லை. கஞ்சப்பயல்கள் என்று நினைத்திருந்தான். அரைக் கோப்பை ஊற்றினால் 'இன்னும் இரு', தளும்ப ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று இந்த ஊரில் அர்த்தம் என்பதைச் சொல்ல வாயெடுத்த தவ்லெத், தன் தேநீரைக் குடித்துக்கொண்டான்.

"எனக்குச் சட்டம் தெரியாது தம்பி. எழுதினது நீங்க. நீங்க இருந்தாப் போதும், பணம் வேண்டாம்" என்றாள் குல்யாஷ் அம்மா.

இருக்கத்தான் முடியாதே. யெஸ்பர் இழுத்தான், அவள் மூக்கை உறிஞ்சினாள். கடைசியில் இரண்டு மாத வாடகையில் படிந்தது. அவள் மனம் மாறுவதற்குள் அங்கேயே போனில் பணத்தை அனுப்பினான். எந்தத் தரப்பும் இனி எதையும் திருப்பிக் கேட்க முடியாது என்று கெட்டியாக எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். வாசல்வரை வந்த குல்யாஷ் அம்மா, அவன் கன்னத்தைத் தட்டி வழியனுப்பினாள்.

படியிறங்கும்போது யெஸ்பருக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஒரு மாத வாடகை மிச்சம், பாத்தீங்களா? அடுத்த வகுப்புல இதைத்தான் சொல்லப்போறேன்" என்றான்.

முற்றத்துக்கு வந்ததும் மாடி ஜன்னலிலிருந்து குல்யாஷ் அம்மாவின் குரல் கேட்டது. யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். யெஸ்பருக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம், இன்னும் அழறாங்களா?"

தவ்லெத் நின்று காதுகொடுத்தான். அவன் முகத்தில், காலையிலிருந்து காணாத ஒரு களை வந்தது.

"இல்ல சார். மகன்கிட்ட பேசுறாங்க."

"என்ன சொல்றாங்க?"

ஒரு வார்த்தையும் விடாமல் மொழிபெயர்த்தான் தவ்லெத்.

"கல்யாணத்துக்குத் தேதி குறிச்சிடுப்பா, வீடு கிடைச்சாச்சு. அவரைக் காலிபண்ண வைக்க நாம குடுக்க வேண்டிய பணத்தை, அவரே நமக்குக் குடுத்துட்டுப் போறாரு."